லைஃப் கோச்சா, ஆலோசகரா, கிளினிக்கா? கோலாலம்பூரில் எந்தக் கதவைத் தட்டுவது

"எதுக்கு ஓடுறேன்னே தெரியல." "என்னால முடியும்னு தோணல." இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள்தான் அதிகம். ஆனால் இரண்டும் வேறு வேறு குறைகள். முதலாவதில் போக வேண்டிய இடம் தெரியவில்லை. இரண்டாவதில் இடம் தெரிந்தும் கால் நகரவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு என்று இன்று விற்கப்படுவது லைஃப் கோச்சிங். கைப்பேசியைத் திறந்தால் போதும், ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் பயிலரங்கு, 90 நாள் உருமாற்றத் திட்டம், ஸூமில் தனி அமர்வு என்று வரிசையாக வந்து நிற்கும். அதே கோலாலம்பூரில் பதிவு பெற்ற ஆலோசகர்கள், மருத்துவ உளவியலாளர்கள், அரசாங்கக் கிளினிக், பேச்சுப் பயிற்சி மன்றங்கள் எல்லாம் இருக்கின்றன. அவை உங்கள் கைப்பேசிக்கு வந்து கூப்பிடுவது குறைவு. அதனால் பலர் முதலில் கண்ணில் பட்ட கதவைத் தட்டி, இரண்டாயிரம் மூவாயிரம் ரிங்கிட் கட்டிய பிறகே இது நமக்கான இடமா என்று யோசிக்கிறார்கள்.

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மலிவானதில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் விலை உயர்ந்ததற்குப் போகலாம்.

முதல் செலவு ஒரு ரிங்கிட்

கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான நாள்களில் தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையா, நான் உருப்படாதவன் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறதா? இவற்றைத்தான் பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள் கேட்கிறது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு பதில் வந்தால் மொத்த மதிப்பெண் என்னவென்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மனவேதனையில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் செவிகொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல், 15555.

சுகாதார அமைச்சின் அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் அங்கே வினாத்தாள் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ மெந்தாரி சமூக மனநல மையத்துக்கோ கடிதம் கொடுப்பார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. தைராய்டுச் சுரப்பு குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் உடல் சோர்ந்து, எதற்கும் மனம் எழாது. "வாழ்க்கையில நோக்கமே இல்ல" என்று அந்தச் சோர்வையே மனம் மொழிபெயர்த்துக்கொள்ளும். இரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டியதைக் கோச்சிங் அமர்வில் தேடுவது காசுக்கும் காலத்துக்கும் கேடு.

இந்தப் படியைத் தாண்டக்கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோச்சிங் என்பது அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய செயலை ஒப்புக்கொண்டு போவது. மனச்சோர்வு உள்ளவருக்கு அந்தச் செயலைத் தொடங்கும் சக்தியே இருக்காது. அடுத்த அமர்வுக்கு வெறுங்கையோடு வருவார். "பார், இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை" என்பது அவருடைய சந்தேகத்துக்குப் புதிய சாட்சியாகச் சேரும். உதவிக்குப் போன இடமே காயத்தைக் கூட்டிவிடும்.

கடன் தவணை சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தால், போக வேண்டிய இடம் ஏகேபிகே. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வேலை போய்விட்டது என்றால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் வேலைவாய்ப்புத் தளம் வழியாக வேலை ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இந்த இரண்டும் சரியானதும் சந்தேகமும் கூடவே வடிந்துவிடுவது உண்டு.

சந்தேகம் எதனால் கரைகிறது

இனி வருவது, உடம்பும் கடனும் ஓரளவு சரியாக இருந்தும் உள்ளுக்குள் தயக்கம் விடாதவர்களுக்கு.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னால் ஒரு காரியம் ஆகும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்று 1977-இல் எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வது, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. இந்த ஒரு வரிசையைக் கையில் வைத்துக்கொண்டால் சந்தையில் விற்பதை எல்லாம் எடை போட்டுவிடலாம். நான் கட்டும் காசு இந்த நான்கில் எதை வாங்கித் தருகிறது என்று கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகம். 34 வயதுப் பெண், ஒன்பது ஆண்டு அனுபவம். மேற்பார்வையாளர் பதவி காலியாகிறது. மனு செய்யவில்லை. கேட்டால், "கூட்டத்துல இங்கிலீஷ்ல பேசணும், மானம் போயிடும்" என்கிறார். இவரை ஒவ்வொரு கதவாக அழைத்துப் போவோம்.

பயிலரங்கில் இரண்டு நாளும் இசை அதிரும், எழுந்து நின்று கத்தச் சொல்வார்கள், முன்பின் தெரியாதவர் கட்டிப்பிடித்து அழுவார். ஞாயிறு இரவு அவர் மலையைப் புரட்டும் மனநிலையில் வீடு திரும்புவார். அது பொய் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் இருக்கும். ஆனால் அவருக்குக் கிடைத்தவை பண்டூரா சொன்னதில் மூன்றாவதும் நான்காவதும் மட்டுமே, பிறர் சொல்லும் ஊக்கமும் உடலின் கிளர்ச்சியும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வாய் திறக்கும்போது உடல் பழைய நிலைக்கு வந்திருக்கும், பேசிப் பழகிய அனுபவம் மட்டும் அப்படியே பூஜ்யத்தில் நிற்கும். அந்த நேரத்தில்தான் அடுத்த நிலைப் பயிலரங்குக்கான தள்ளுபடி விலை வாட்ஸ்அப்பில் வரும்.

நல்ல கோச் ஒருவர் கதையை நீட்ட விடமாட்டார். என்ன வேண்டும், இப்போது என்ன நிலை, என்னென்ன வழிகள், எதை எப்போது செய்வீர்கள் என்ற நான்கு கேள்விகளைச் சுற்றியே பல கோச்கள் வேலை செய்கிறார்கள். 50 நிமிட முடிவில் அந்தப் பெண்ணின் கையில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: "வரும் செவ்வாய் காலைக் கூட்டத்தில், வசூலாகாத பாக்கிப் பட்டியல் வரும்போது, எழுதி வைத்த மூன்று வாக்கியங்களை நானே படிப்பேன்." எப்போது, எங்கே, எது நடந்தால் எதைச் செய்வேன் என்று இப்படி முடிச்சுப் போட்டு வைத்தால் செயல் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் ஆய்ந்து காட்டியது. "அடுத்த வாரம் இன்னும் தைரியமாப் பேசுவேன்" என்று எழுதி அனுப்பினால் அந்தக் கோச்சிங் வேலைக்கு ஆகாது. தைரியமாகப் பேசினாரா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

ஆலோசகரிடம் போனால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும். "மானம் போயிடும்" என்ற அந்தக் குரல் யாருடையது? ஐந்தாம் வகுப்பில் தப்பாகப் படித்ததற்கு முழு வகுப்பும் சிரித்த நாளா, "உனக்கெல்லாம் எதுக்குடி இது" என்று வீட்டில் கேட்ட வார்த்தையா? அந்தக் குரல் தமிழில் பேசும். அதனால்தான் மொழி இங்கே பெரிய விஷயம். வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்கூட, அப்பா சொன்னதைச் சொல்லும்போது மொழிபெயர்த்துச் சொன்னால் அதன் சூடு போய்விடுகிறது. முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்கிறவரைத்தான் போடுவார்கள்.

மருத்துவ உளவியலாளர் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுக்கக்கூடும். சம்பவம், வந்த எண்ணம், அதை எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள், ஆதரவான சான்று, எதிரான சான்று, மாற்று எண்ணம், இப்போது எத்தனை விழுக்காடு. அந்தப் பெண் நிரப்பினால் ஏறக்குறைய இப்படி வரும். எண்ணம்: பேசினால் மானம் போகும், 90. ஆதரவு: போன மாதம் இரண்டு முறை திக்கினேன். எதிர்ச்சான்று: மூன்று ஆண்டாகத் தணிக்கையாளருக்கு நான்தான் ஆங்கிலத்தில் கணக்கை விளக்குகிறேன். மாற்று எண்ணம்: எழுதி வைத்தால் பேசிவிடுவேன், எதிர்பாராத கேள்வி வந்தால் தடுமாறுவேன். இப்போது 50. பூஜ்யத்துக்கு வராததைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். 50 போதும். மனு எழுத அதற்கு மேல் தேவையில்லை. இந்தத் தாளில் பெரும்பாலோர் செய்யும் தவறு, சான்று என்ற கட்டத்தில் உணர்ச்சியை எழுதுவது. "எனக்கு வெட்கமாக இருந்தது" என்பது சான்று ஆகாது. "இரண்டு முறை திக்கினேன்" என்பது சான்று, எண்ண முடிகிறது.

கடைசிக் கதவு அதிகம் பேசப்படாதது, டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சுப் பயிற்சி மன்றம். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இத்தகைய மன்றங்கள் இருக்கின்றன. முதல் தயாரித்த உரை 4 முதல் 6 நிமிடம். திடீர்த் தலைப்புக்கு 1 முதல் 2 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள், பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து மதிப்பீடு சொல்வார். அந்தப் பெண்ணுக்குத் தேவையான முதல் வழியும் இரண்டாவது வழியும், தானே செய்வதும் தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதும், இங்கேதான் சேர்ந்து கிடைக்கின்றன. அவருடைய தயக்கம் கூட்டத்தில் பேசுவது என்ற ஒன்றில் மட்டும்தான் என்றால், மேலே சொன்ன மற்றவர்கள் எல்லோருக்கும் முன்னால் நான் சொல்வது இதைத்தான்.

ஆக, தயக்கம் ஒரு திறமையில் மட்டும் இருந்தால் பயிற்சி மன்றம். எதைத் தொட்டாலும் அதே குரல் கேட்டால் ஆலோசகர். பதற்றம் உடம்பில் ஏறி, நெஞ்சு படபடத்து, சில இடங்களுக்கே போகாமல் தவிர்க்கத் தொடங்கியிருந்தால் மருத்துவ உளவியலாளர். நன்றாக நடமாடிக்கொண்டு, செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் ஆறு மாதமாகத் தள்ளிப்போடுபவருக்குத்தான் கோச் சரியான ஆள். கோச்சிங் பயனற்றது என்று சொல்லவில்லை. அதற்குப் பொருந்துகிறவர்கள் விளம்பரம் காட்டுவதைவிடக் குறைவு.

தகுதியைப் பார்ப்பது எப்படி

ஆலோசகர்களை 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, கட்டுப்படுத்துகிறது. மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தொழில் சான்றிதழும் இல்லாமல் ஒருவர் ஆலோசகர் என்று தொழில் நடத்தினால் அது குற்றம். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பார்கள். கே.பி. என்றால் பதிவு பெற்ற ஆலோசகர். இங்கே பி.ஏ. என்பதைப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், அது 'பெராக்குவான் அமாலான்', தொழில் சான்றிதழ். மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டின் சட்டம் 774-இன் கீழ் வருகிறார்கள். இருவரிடமும் பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

லைஃப் கோச்சுக்கு மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. இன்று காலை முடிவெடுத்து மாலையில் யாரும் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். உள்ளதில் நம்பத்தக்க அளவுகோல், 1995-இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். தரும் சான்று. அதில் மூன்று படிகள். ஏ.சி.சி. வாங்க 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். பி.சி.சி.க்கு 125-ம் 500-ம். எம்.சி.சி.க்கு 200-ம் 2,500-ம். சான்று மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும், கூட்டமைப்பின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். "ஐ.சி.எஃப். அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவர்" என்பதும் "ஐ.சி.எஃப். சான்று பெற்றவர்" என்பதும் ஒன்றல்ல, இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்றுநர் சான்றிதழையும் சிலர் பெரிதாகக் காட்டுவார்கள். அது நிறுவன ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தும் தகுதி. ஒருவரின் மனத்தோடு வேலை செய்யும் தகுதிக்கு அது சாட்சி ஆகாது.

ஒரு கேள்வியால் மட்டுமே கோச்சை அளக்கலாம்: "என்னிடம் எதைப் பார்த்தால் இது என் வேலை இல்லை, டாக்டரிடம் போங்கள் என்று சொல்வீர்கள்?" நல்ல கோச் உடனே நான்கைந்து அறிகுறிகளைச் சொல்வார், யாரிடம் அனுப்புவார் என்பதையும் சொல்வார். "என் முறையில எல்லாமே சரியாயிடும்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

காசும் ஒப்பந்தமும்

கோச் ஒரு அமர்வுக்கு 300 ரிங்கிட் கேட்கிறார், எட்டு அமர்வு என்று வைத்துக்கொள்வோம். 2,400 ரிங்கிட். அதே எட்டு அமர்வுக்கு ஆலோசகரிடம் என்ன ஆகும் என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மனநல மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், பதிவு பெற்ற ஆலோசகர் ஆகியோரிடம் பெறும் ஆலோசனைக்கு வருமான வரியில் 1,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. முழு உடல் பரிசோதனைச் செலவும் அதே ஆயிரத்துக்குள் அடங்கும். கோச்சுக்குக் கட்டுவது இதில் வராது. விலக்கு என்பது காசு திரும்பி வருவது என்று எண்ணக் கூடாது. 11 விழுக்காட்டுப் படிநிலையில் இருப்பவருக்கு ஆயிரத்துக்கு 110 ரிங்கிட் மிச்சம், அவ்வளவுதான். ரசீதில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

இலவச வழிகளும் உள்ளன. சமூக நல இலாகாவில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தில் ஊழியர் உதவித் திட்டம் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள், இருந்தும் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. மருத்துவ உளவியல் முதுகலை நடத்தும் பல்கலைக்கழகங்களின் பயிற்சி நிலையங்களில், மேற்பார்வையின் கீழ் பயிற்சியாளர்கள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், அதுதான் அதன் விலை.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் தயங்குங்கள். மண்டபத்திலேயே, "இன்னிக்கு மட்டும் இந்த விலை" என்று கையெழுத்துக் கேட்டால் இன்னும் தயங்குங்கள். தாளை வாங்கி நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், நேரில் நடத்தப்போவது அந்தப் பெயர் பெற்றவரா அவருடைய உதவியாளரா, இடையில் நிறுத்தினால் என்ன திரும்பும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். கட்டிவிட்டீர்கள், பிறகு வேண்டாம் என்று தோன்றுகிறது என்றாலும் வழி இருக்கிறது. தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் நிறுத்திக்கொள்ள 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மொத்த விலையில் 5 விழுக்காடு, ஏற்கெனவே பெற்ற சேவைக்கும் வைத்துக்கொண்ட பொருளுக்கும் உரிய தொகை, இவற்றைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு போடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அதனால் விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

நோக்கத்தைத் தேடுபவருக்கு

பயிலரங்குகளில் நான்கு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் ஒரு படத்தைக் காட்டி, இதுதான் ஜப்பானியரின் இகிகை, வாழ்வதற்கான காரணம் என்பார்கள். அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததல்ல. நோக்கத்தைப் பற்றி ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்த படத்தில், 2014-இல் ஆங்கிலேயர் ஒருவர் இகிகை என்ற சொல்லைப் பொருத்தினார். பிடித்தது, திறமை, உலகுக்குத் தேவை, சம்பளம் நான்கும் சந்திக்கும் புள்ளியைத் தேடி, அது கிடைக்காமல் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. ஜப்பானியர் அந்தச் சொல்லைக் காலை நேரத் தோட்ட வேலைக்கும் பேரக்குழந்தைக்கும்கூடப் பயன்படுத்துவார்கள். சம்பளம் அதில் சேர்த்தியே இல்லை.

வட்டம் வரைவதற்குப் பதிலாக ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். 14 நாள், ஒவ்வொரு இரவும் மூன்று வரி: இன்று நேரம் போனது தெரியாமல் செய்தது எது, இழுத்துக்கொண்டு செய்தது எது, யாருக்காவது உண்மையாக உதவியது எது. பெயர்ச்சொல்லாக எழுதாமல் வினையாக எழுத வேண்டும். "வேலை" என்று எழுதினால் எதுவும் தெரியாது. "புதுசா வந்த பையனுக்கு எக்செல் சொல்லிக் கொடுத்தது" என்று எழுதினால் தெரியும். பதினைந்தாம் நாள் திரும்ப வரும் வினைகளை வட்டமிடுங்கள். சொல்லிக் கொடுத்தது மூன்று நான்கு முறை வந்திருந்தால், வேலையை விட்டு ஆசிரியராகப் போவது அவசரம். நான்கு சனிக்கிழமை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான டியூஷன் வகுப்பு ஒன்றில் தொண்டூழியம் செய்து பாருங்கள். நான்காவது சனிக்கிழமை காலையில் எழுந்திருக்கும்போது மனம் என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் வாரத்து உற்சாகத்தை நம்ப வேண்டாம்.

இந்தக் குறிப்பேட்டை நிரப்பிவிட்டுக் கோச்சிடம் போனால், முதல் இரண்டு அமர்வுக் காசு மிச்சம். நிரப்பவே முடியவில்லை, மூன்று வரிகூட எழுத வரவில்லை, எல்லா நாளும் ஒரே சாம்பல் நிறம் என்றால் மறுபடியும் அந்த ஒரு ரிங்கிட் கிளினிக்குக்குப் போங்கள்.

யாரிடம் சேர்ந்தாலும் மூன்றாவது அமர்வு முடிந்த அன்று இரவு ஒரு தாளில் கோடு போட்டு, இதற்கு முன் செய்யாத, இப்போது செய்த காரியங்களை மட்டும் எழுதுங்கள். புரிந்துகொண்டது, உணர்ந்தது எதையும் சேர்க்காதீர்கள். கோச்சிடம் போனவருக்கு அந்தத் தாள் வெறுமையாக இருந்தால் நிறுத்திவிடலாம். ஆலோசகரிடம் போனவர் ஆறாவது அமர்வு வரை பொறுக்கலாம், அந்த வேலை மெல்லத்தான் நடக்கும். ஆனால் வெறும் தாளை அவரிடமே காட்டிப் பேசுங்கள், அவர் அதைக் கொண்டே அடுத்த அமர்வைத் தொடங்குவார். கோச்சை நிறுத்தும்போது நீண்ட விளக்கம் வேண்டாம்: "இதுவரைக்கும் நன்றி. அடுத்த அமர்வுலேருந்து நிறுத்திக்கிறேன். மீதித் தொகையை எப்ப திருப்பித் தருவீங்கன்னு எழுத்துல சொல்லுங்க." தன்மேல் சந்தேகம் உள்ள ஒருவருக்கு அந்தச் செய்தியை அனுப்புவதே கஷ்டமாக இருக்கும். அனுப்பிவிட்டால், அதையும் அந்தத் தாளில் முதல் வரியாக எழுதிக்கொள்ளலாம்.